யானைத் தந்தம், வேட்டை, சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, நீலகிரிப் பக்கம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் யானைகளைப் பற்றிப் பேசப் போவது வழக்கம். பேச்சு முடிந்ததும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் பொதுவானவை. உங்கள் வீட்டு விவகாரம் என்றால் வக்கீலையும் பார்த்துவிடுங்கள்.

தந்தம்ங்கிறது கொம்பா, பல்லா?

பல். மேல்தாடையின் வெட்டுப்பற்கள் இரண்டும் நீண்டு வெளியே வந்தவைதான் தந்தங்கள். மான் கொம்பு மாதிரி ஆண்டுதோறும் விழுந்து முளைக்காது. யானை உயிரோடு இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வயதான கொம்பனின் (தந்தமுள்ள ஆண் யானையின்) தந்தம் பெரிதாக இருக்கிறது, வேட்டைக்காரனின் கண்ணும் முதலில் அதன்மேல் விழுகிறது.

வெளியே தெரிவது முழுத் தந்தம் அல்ல. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டையோட்டுக்குள் புதைந்திருக்கும். அந்த அடிப்பகுதி உள்ளே கூடாக இருக்கும். அதில் நரம்பும் ரத்தக் குழாய்களும் உண்டு.

வெட்டினா மறுபடி வளரும்னா, யானையைக் கொல்லாம தந்தத்தை மட்டும் அறுத்துட்டு விட்டுடலாமே?

நுனியை அறுத்தால் வளரும். வேரோடு எடுத்தால் வளராது. வேட்டைக்காரனுக்கு நுனி போதாது. காசு எடையில் இருக்கிறது, புதைந்திருக்கும் அந்த மூன்றில் ஒரு பங்கும் அவனுக்கு வேண்டும். அதை எடுக்க முகத்தையே கோடரியால் பிளக்க வேண்டும். உயிரோடு இருக்கும் யானையிடம் அது நடக்காது. மயக்க ஊசி போட்டு எடுக்கலாமே என்பார்கள். அதற்கு மருந்து வேண்டும், அளவு தெரிந்த கால்நடை மருத்துவர் வேண்டும், யானை விழும்வரை பின்தொடர ஆள் வேண்டும். இரவில் நாட்டுத் துப்பாக்கியோடு காட்டுக்குள் நுழைபவனிடம் இதெல்லாம் ஏது?

சில கும்பல்கள் சுட்டுவிட்டு உடனே வெட்டுவதில்லை. உடல் அழுகும்வரை காத்திருந்து, சதை தளர்ந்ததும் தந்தத்தை உருவிக்கொண்டு போவார்கள். வெட்டுக்காயம் இருக்காது. யானை தானாகச் செத்தது போலத் தோன்றும். காட்டில் கிடக்கும் யானையின் உடலைக் கூறாய்வு செய்யாமல் விடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். குண்டு உள்ளே இருக்கிறதா என்று மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவதும் அதனால்தான்.

பொண்ணு யானைக்குத்தான் தந்தமே கிடையாதே. அப்ப பாதி யானைக்கு ஆபத்தே இல்லைதானே?

ஆப்பிரிக்காவில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு. அங்கே கூட்டத்தோடு சுடுகிறார்கள். ஆசிய யானைகளில் ஆணுக்குத்தான் தந்தம், அதிலும் எல்லா ஆணுக்கும் இல்லை. தந்தமில்லாத ஆணை மக்னா என்கிறோம். பெண்ணுக்கு மிகச் சிறிய பற்கள் இருக்கலாம், உதட்டுக்கு வெளியே தெரியாத அளவுக்கு.

இதனால் இந்திய வேட்டையின் பாதிப்பு கணக்கெடுப்பில் மறைந்துபோகிறது. கொல்லப்படுவது ஆண் மட்டும் என்பதால் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியாது. கேரளத்தின் பெரியாறு காட்டில் 1980களின் இறுதியில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு வளர்ந்த பெண் நூறுக்கு மேல் என்ற நிலை பதிவானது. வேட்டை அதிகமில்லாத காட்டில் ஒரு ஆணுக்கு இரண்டு முதல் ஐந்து பெண்கள் வரைதான் இருக்கும். அந்தக் காலத்தில் பெரியாற்றுக்குப் படகில் போனவர்கள் கரையில் கூட்டம் கூட்டமாக யானைகளைப் பார்த்துவிட்டு, 'யானைக்கு என்ன குறைச்சல்?' என்று திரும்பியிருப்பார்கள். அந்தக் கூட்டங்களில் குட்டி எத்தனை என்று எண்ணியிருந்தால்தான் விஷயம் புரிந்திருக்கும். இணைசேர ஆண் இல்லாத காட்டில் பிறப்பு குறைகிறது. இருக்கும் ஓரிரு ஆண்களின் வாரிசுகளே பெருகுவதால் மரபு வளமும் சுருங்குகிறது.

ஆகவே 'எத்தனை யானை?' என்ற கேள்வி மட்டும் போதாது. வளர்ந்த கொம்பன்கள் எத்தனை என்று கேளுங்கள்.

இந்தியாவுல யானை குறைஞ்சிடுச்சுன்னு செய்தி வந்துச்சே, உண்மையா?

2017 கணக்கெடுப்பு 27,312 என்றது. 2025 அக்டோபரில் வெளியான கணக்கு 22,446 என்றது. இரண்டையும் கழித்துப் பார்த்து 'ஐயாயிரம் யானை காணோம்' என்று எழுதியவர்கள் உண்டு. முதல் கணக்கு கண்ணால் பார்த்தும் சாணத்தை எண்ணியும் எடுத்தது. இரண்டாவது, சாணத்திலிருந்து டிஎன்ஏ எடுத்துத் தனித்தனி யானைகளை அடையாளம் கண்டு மதிப்பிட்டது. முறை வேறு என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடியாது. இனிவரும் கணக்குகளுக்கு 2025தான் அடிப்படை.

தமிழ்நாட்டு வனத்துறையின் சொந்தக் கணக்கில் 2023இல் 2,961, 2024இல் 3,063, 2025இல் 3,170. உலகில் மிஞ்சியிருக்கும் ஆசிய யானைகளில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருக்கின்றன.

வீரப்பன் செத்ததோட இதெல்லாம் முடிஞ்சுபோச்சுல்ல?

எல்லாக் கூட்டத்திலும் வரும் கேள்வி. இல்லை. வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு வெகுகாலம் முன்பே அவர் தந்தத்திலிருந்து சந்தனத்துக்கும், அங்கிருந்து ஆள்கடத்தலுக்கும் மாறிவிட்டார். சத்தியமங்கலம், மாதேஸ்வரன் மலைக் காடுகளில் கொம்பன்கள் அருகிப்போனதும் அதற்கு ஒரு காரணம். அவர் கொன்ற யானைகள் என்று சில நூறிலிருந்து இரண்டாயிரம் வரை எண்கள் உலவுகின்றன. எதையும் யாரும் உட்கார்ந்து எண்ணியதில்லை.

ஒரு பெயர் அளவுக்கு மீறிப் பெரிதானதில் ஒரு தீங்கு நடந்தது. தென்னிந்தியாவின் தந்த வேட்டை முழுவதும் அந்த ஒருவர் கணக்கில் போய்விட்டது. மேலே சொன்ன பெரியாறு அவர் நடமாடிய பகுதியே அல்ல. 2015இல் கேரளத்தில் வேட்டைக் கும்பலோடு போய்வந்த ஒருவர் வனத்துறையிடம் வாக்குமூலம் கொடுத்தார். மலையாற்றூர், இடமலையாறு காடுகளில் பல கொம்பன்கள் சுடப்பட்டது அதற்குப் பிறகுதான் வெளியே தெரிந்தது. 'ஆபரேஷன் ஷிகார்' என்ற அந்த விசாரணையில் எழுபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தமிழ்நாட்டு யானை வேட்டை வழக்குகளுக்காக 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. இரண்டுமே வீரப்பன் இல்லாத காலத்துச் சங்கதி.

சுடுறவனுக்கு என்ன கிடைக்கும்? அதை வாங்குறது யாரு?

சுடுபவனுக்குக் கிடைப்பது சங்கிலியிலேயே மிகக் குறைவு. அவனுக்கு மேலே தந்தத்தை மலையிலிருந்து இறக்குபவன், இடைத்தரகர், செதுக்குபவர், கலைப்பொருள் வியாபாரி, கடைசியில் வரவேற்பறையில் வைக்க ஒரு சிலை வாங்கும் பணக்காரர். ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறும். சிக்கும்போது முதலில் சிக்குபவன் அடியில் இருப்பவன்.

கேரள விசாரணை வழக்கத்துக்கு மாறாக மேல்நோக்கிப் போனது. காட்டில் தொடங்கி, திருவனந்தபுரத்தில் செதுக்கியவர்கள் வழியாக, டெல்லியில் ஒரு வியாபாரியின் கிடங்கில் 400 கிலோவுக்கு மேற்பட்ட தந்தம் வரை எட்டியது. 'தந்தம் எல்லாம் சீனாவுக்குத்தான் போகுது' என்று நம் ஆட்கள் சொல்லும்போது எனக்கு அந்தக் கிடங்குதான் நினைவுக்கு வரும். கிருஷ்ணன் சிலை, பிள்ளையார் சிலை, மேசை விளக்கு: நம் நாட்டிலேயே கேட்கும் ஆள் இருக்கிறார். துப்பாக்கியைப் பறிமுதல் செய்தால் இன்னொரு துப்பாக்கி வரும். இந்த ஆள் கேட்பதை நிறுத்தினால் மலையேற யாருக்கும் வேலையிருக்காது.

தந்தம் விக்கக்கூடாதுன்னு எப்ப இருந்து சட்டம்?

யானையைக் காக்கும் சட்டம் பழையது. சென்னை மாகாணம் 1873இலேயே காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது, பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் பொதுவான சட்டம் 1879இல் வந்தது. வெள்ளைக்காரனின் கருணை என்று நினைக்க வேண்டாம். மரம் இழுக்கவும் பாரம் சுமக்கவும் அவனுக்கு யானை வேண்டியிருந்தது.

இப்போதைய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ஆம் ஆண்டினுடையது. யானை 1977இல் அதன் முதல் அட்டவணைக்கு, அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள பட்டியலுக்கு, மாற்றப்பட்டது. 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடுத்தது. ஆனால் ஆப்பிரிக்கத் தந்தத்தை இறக்குமதி செய்து செதுக்கி விற்க வழி இருந்தது. செதுக்கிய பிறகு எது மைசூர்க் காட்டுத் தந்தம், எது ஆப்பிரிக்காவுடையது என்று கடைக்காரர் சொன்னால்தான் உண்டு. 1991 திருத்தம் அந்த வழியையும் அடைத்தது. அன்றிலிருந்து இந்தியாவில் எந்தத் தந்தத்தையும் வாங்கவோ விற்கவோ முடியாது.

எங்க தாத்தா வாங்கின தந்தப் பொம்மை வீட்ல இருக்கு. வெச்சுக்கலாமா?

தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுத்த உரிமைச் சான்றிதழ் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். பழைய பொருள்களை அறிவித்துச் சான்றிதழ் பெறக் கடைசியாக 2003இல் 180 நாள் அவகாசம் தரப்பட்டது. அதுவும் முடிந்து இருபதாண்டுக்கு மேலாகிவிட்டது. சான்றிதழுள்ள பொருள் தாத்தாவிடமிருந்து வாரிசாக உங்களுக்கு வந்தால், 90 நாளுக்குள் நீங்களும் அறிவிக்க வேண்டும்.

சான்றிதழ் இல்லையென்றால் 'நூறு வருஷப் பழசு' என்பது பதிலாகாது. இந்தச் சட்டத்தில், உங்கள் கையில் இருப்பது முறையானதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கிணற்றில் போடுவது, உறவினர் வீட்டுக்கு மாற்றுவது, 'யாராவது வாங்கினா தள்ளிவிடலாம்' என்று விசாரிப்பது எல்லாம் சிக்கலைப் பெரிதாக்கும். வக்கீலிடம் பேசிவிட்டு, மாவட்ட வன அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படைப்பதே நல்லது. பாட்டியின் நினைவாக வைத்திருக்கும் சின்னக் குங்குமச் சிமிழைக் கொடுக்க மனசு வராது என்பது புரிகிறது. சட்டம் அளவு பார்ப்பதில்லை.

சர்டிபிகேட் இருக்கு. அப்ப விக்கலாமா? பொண்ணு கல்யாணத்துக்குச் சீரா கொடுக்கலாமா?

விற்க முடியாது. சீராகவும் முடியாது: சான்றிதழ் வைத்துக்கொள்ள மட்டும்தான், பெறுபவருக்கு வாரிசு வழியைத் தவிர வேறு வழியில் பெற உரிமை இல்லை.

யானை முடி மோதிரம் போட்டா திருஷ்டி படாதுங்கிறாங்க. அதுவும் குத்தமா?

ஆமாம், வாங்குவதும் விற்பதும் குற்றம்தான். முதல் அட்டவணை விலங்கின் எந்த உறுப்புக்கும் அதே தடை. தங்கத்தில் பதித்துத் தந்தாலும் நகைக்கடைக்காரருக்கு அது தப்பிக்கும் வழி அல்ல. கடைவீதியில் விற்பதில் பாதிக்கு மேல் நைலானோ மாட்டுக் கொம்பின் இழையோதான் என்பது என் ஊகம். அதில் ஒரு நிம்மதி என்றாலும், அசல் கேட்கும் கூட்டம் இருப்பதால்தான் பாகன்களிடம் பேரம் பேச ஆள் போகிறது. வால் முடி பிடுங்கப்பட்டு மொட்டை வாலோடு நிற்கும் கோயில் யானையை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஈ விரட்ட அதற்கு அந்த முடி வேண்டும். ஒருவர் விரலில் திருஷ்டி கழிக்க இன்னொரு உயிரை ஈ மொய்க்க விடுவது என்ன பரிகாரமோ.

கோயில் யானைக்குத் தந்தம் அறுக்கிறாங்களே, அந்தத் துண்டு எங்க போகுது?

நீண்டு வளைந்து தும்பிக்கையைத் தடுக்கும் தந்தத்தின் நுனியைச் சீர் செய்ய வேண்டியிருக்கும். வனத்துறையின் முன்அனுமதியோடு, கால்நடை மருத்துவரும் வனத்துறை ஆட்களும் இருக்கும்போது செய்ய வேண்டும். அறுத்த துண்டுக்கும் தூளுக்கும் கணக்கு உண்டு. யானை இறந்தாலும் இதே நடைமுறைதான். தந்தம் கோயிலுக்கு, பாகனுக்கு என்று யாரும் பிரித்துக்கொள்ள முடியாது.

மாமூத் தந்தம் சட்டப்படி சரின்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே?

சைபீரியாவின் உறைபனி மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் மாமூத் தந்தம் பல நாடுகளில் சட்டப்படி விற்பனையாகிறது. அழிந்துபோன விலங்குக்குப் பாதுகாப்பு எதற்கு என்று இங்கேயும் வியாபாரிகள் வாதாடினார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் 'தந்தம்' என்கிறது, எந்த விலங்கின் தந்தம் என்று பிரிக்கவில்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டில் ஒன்றை அனுமதித்தால் மற்றது அதன் பெயரில் உள்ளே வரும் என்பதே அடிப்படை. 1991க்கு முன் ஆப்பிரிக்கத் தந்தத்தின் பெயரில் நடந்ததும் இதுதான்.

கடையில பாக்குறது தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய வளைகோடுகள் தெரியும். ஷ்ரேகர் கோடுகள் என்பார்கள். வெளிவிளிம்புக்கு அருகே யானையில் அந்தக் கோடுகள் விரிந்த கோணத்திலும், மாமூத்தில் குறுகிய கோணத்திலும் வெட்டிக்கொள்ளும். ஆய்வகங்கள் இதைப் பார்த்தும் டிஎன்ஏ எடுத்தும் முடிவு சொல்கின்றன. எலும்பில் கருப்புப் புள்ளிகளாக நுண்துளைகள் தெரியும். பிளாஸ்டிக்கில் ஒன்றுமே இருக்காது, அல்லது கோடுகள் அச்சடித்த மாதிரி நேராக ஓடும்.

ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார், நெருப்பில் காட்டிப் பார் என்று வரும் யோசனைகளை விடுங்கள். அசலா என்று சோதிக்கும் நிலைக்கு வந்துவிட்டாலே நீங்கள் வாங்கும் பேச்சில் இருக்கிறீர்கள்.

இதையே நம்பியிருந்த சிற்பிகள் கதி? அவங்க வயித்துல அடிச்ச மாதிரி ஆகலையா?

அடிதான். திருவனந்தபுரத்தில் செதுக்கிய தந்தச் சிம்மாசனத்தைத் திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா ராணிக்கு அனுப்ப, 1851 லண்டன் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. அவ்வளவு தேர்ந்த கை. தடைக்குப் பிறகு பலர் சந்தனம், கருங்காலி, எலும்பு என்று மாறினார்கள். மைசூரின் தோதகத்தி மரப் பதிப்பு வேலையில் தந்தம் இருந்த இடத்தில் இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கிறது. ஈடு செய்யும் உதவி போதுமான அளவு வந்ததா என்றால் இல்லை என்பதே என் கருத்து. அந்தக் குறையைச் சொல்லித் தந்தத்தைத் திரும்பத் திறக்கக் கேட்பவர்கள் பெரும்பாலும் சிற்பிகள் அல்ல, வியாபாரிகள்.

பிடிச்ச தந்தத்தைக் கென்யாவுல கொளுத்தினாங்களே. வித்து யானைக்கே செலவு பண்ணலாமே?

1989 ஜூலையில் கென்ய அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தார். 2016 ஏப்ரலில் நைரோபி தேசியப் பூங்காவில் 105 டன் எரிந்தது. தந்தம் எளிதில் பற்றாது, எரிபொருள் ஊற்றி நாள்கணக்கில் எரிக்க வேண்டியிருந்தது. பைத்தியக்காரத்தனம் என்று தோன்றினால் ஆச்சரியமில்லை.

விற்றுப் பார்த்ததும் உண்டு. 1989இல் சைட்டிஸ் என்ற சர்வதேச வனஉயிர் வணிக ஒப்பந்தத்தின் நாடுகள் ஆப்பிரிக்கத் தந்தத்தின் சர்வதேச வியாபாரத்தைத் தடுத்தன. ஆசிய யானைக்கு 1975 முதலே தடை இருந்தது. பிறகு ஒருமுறை மட்டும் என்று 1999இல் மூன்று நாடுகளின் சுமார் 50 டன் ஜப்பானுக்கும், 2008இல் நான்கு நாடுகளின் சுமார் 100 டன் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் விற்கப்பட்டன. சந்தையில் முறையான சரக்கு நிரம்பினால் திருட்டுச் சரக்கு விலை போகாது என்ற கணக்கு. 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆப்பிரிக்காவில் வேட்டை ஏறியது. விற்பனைதான் காரணமா என்பதில் பொருளியலாளர்களுக்குள் இன்னும் தகராறு உண்டு. ஆனால் சீனக் கடைகளில் உரிமம் பெற்ற தந்தம் இருந்ததால், திருட்டுத் தந்தம் அதன் பக்கத்திலேயே உட்கார முடிந்தது. இதில் தகராறு இல்லை.

எதிர்த்திசையில் நடந்ததையும் பாருங்கள். சீனாவில் பட்டை தீட்டாத தந்தம் 2014 தொடக்கத்தில் கிலோ சுமார் 2,100 டாலர். அரசு தடை கொண்டுவரப்போகிறது என்று தெரிந்து, 2017 தொடக்கத்தில் அது சுமார் 730 டாலருக்கு இறங்கியது. அந்த ஆண்டு இறுதியில் உள்நாட்டு வியாபாரம் மூடப்பட்டது. எரிப்பதை விட இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். எரிப்பது ஒரு அறிவிப்பு. கடையை மூடியது செயல். இந்தியாவில் கைப்பற்றிய தந்தம் அரசுச் சொத்தாகப் பாதுகாப்பறைகளில் கிடக்கிறது, அதை ஏலம் விட அரசுக்கே சட்டம் இடம் தரவில்லை.

ஆப்பிரிக்காவுல சில நாட்டுல யானை தொல்லையே தாங்கலையாம். அவங்க விக்கட்டுமே, நமக்கென்ன?

போட்ஸ்வானாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் யானைகள். பயிர் போகிறது, உயிர் போகிறது. எங்கள் யானை, எங்கள் தந்தம் என்று அவர்கள் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆப்பிரிக்கா ஒரே காடு அல்ல. 18 நாடுகளில் விமானத்திலிருந்து எடுத்து 2016இல் வெளியான பெருங்கணக்கில் புல்வெளிகளில் வாழும் சவான்னா யானைகள் ஏழே ஆண்டில் 30 சதவீதம் குறைந்திருந்தன. காங்கோ, காபோன் பக்கத்து அடர்காட்டு யானை தனி இனம். 2021இல் அது மிக அருகிவிட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. ஒரு நாட்டுக்குத் திறக்கும் கதவு வழியாக எல்லா நாட்டுத் தந்தமும் வரும்.

2022இல் பனாமாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் தந்த வியாபாரம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, எப்போதும் எதிர்த்து வாக்களித்துவந்த இந்தியா ஒதுங்கி நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. பலருக்கும் பிடிக்கவில்லை.

தந்தமில்லாத யானையா பிறந்துட்டா வேட்டைக்காரன் தானா ஒதுங்கிடுவானே?

மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் இது கண்முன் நடந்தது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் தந்தத்துக்காகச் சுட்டதில் அங்கிருந்த யானைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. தந்தமுள்ளவை சாக, இல்லாதவை பிழைத்துக் குட்டி போட்டன. தந்தமில்லாத பெண்கள் போருக்கு முன் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு, பின் பாதிக்குப் பாதி. 2021இல் வெளியான ஆய்வு இதற்கு ஒரு விலை இருப்பதைக் காட்டியது. அந்த மரபுக்கூறு தாயிடமிருந்து ஆண் கருவுக்குப் போனால் கரு பிழைப்பதில்லை. மேலும் தந்தம் அலங்காரமல்ல. மரப்பட்டை உரிக்கவும் மண் தோண்டவும் வேண்டிய கருவி.

இலங்கையில் ஆண் யானைகளில் தந்தமுள்ளவை பத்து சதவீதத்துக்கும் குறைவு. அதனால் அங்கே யானைகள் பிழைத்துக்கொண்டனவா? பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேஜர் ரோஜர்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே 1,400க்கு மேல் சுட்டதாகச் சொல்கிறார்கள், வெறும் விளையாட்டுக்கு. அவர் மின்னல் தாக்கிச் செத்தார் என்பதை இலங்கை நண்பர்கள் சற்றுத் திருப்தியோடு சொல்வார்கள்.

கரண்ட்லயும் ரயில்லயும் சாகிறதுதான் அதிகம். வேட்டையையே ஏன் பேசுறீங்க?

எண்ணிக்கையில் உங்கள் பக்கம்தான் நியாயம். ஐந்து ஆண்டுகளில் இயற்கைக்கு மாறாக இறந்த 528 யானைகளில் 392 மின்சாரத்தில், 73 ரயிலில், 50 வேட்டையில், 13 விஷத்தில் என்று 2024இல் மக்களவையில் பதில் தரப்பட்டது. மின்வேலிதான் இன்றைய பெரிய எமன்.

ஆனாலும் இரண்டு விஷயம். வேட்டைக் கணக்கு கண்டுபிடித்தவற்றின் கணக்கு. கேரளத்தில் ஒருவர் வாய் திறக்கும்வரை அந்த யானைகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அடுத்து, வேட்டையும் மின்வேலியும் ஒரே யானையைத்தான் தேடுகின்றன. தோட்டத்துக்குள் துணிந்து இறங்குவது பெரும்பாலும் ஆண், மின்வேலியில் விழுவதும் அதுதான். ஏற்கெனவே குறைந்துபோன கொம்பன் கூட்டத்துக்கு இது இன்னொரு வெட்டு. கோவைப் பக்கத்தில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காயை (உணவுக்குள் மறைத்த வெடியை) கடித்துவிட்டு, வாய் சிதைந்து பட்டினியில் சாகும் யானைகள் தனி. வைத்தவனுக்கு யானைமேல் பகை இல்லை. யானைக்கு அதனால் என்ன வித்தியாசம்?

காட்டுல இருக்கிற ஆதிவாசிங்க துணையில்லாம இது நடக்குமா?

வழிகாட்ட உள்ளூர் ஆள் தேவைப்படுவது உண்மை. அதை வைத்து ஒரு சமூகத்தையே குற்றவாளியாக்குவது சோம்பேறித்தனம். தமிழ்நாட்டு வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும் பகுதி இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், காடர் இளைஞர்கள்தான். முகாமில் தங்கி, குறைந்த சம்பளத்துக்கு, கையில் பெரும்பாலும் ஒரு தடியோடு ரோந்து போகிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நிற்கும் வரிசை நீளமானது.

காட்டை அறிந்தவனைக் காவலுக்கு மாற்றுவது நடக்கும் என்பதற்குப் பெரியாறே சாட்சி. 1990களின் பிற்பகுதியில் அங்கே காட்டுப்பட்டை திருடிவந்த ஒரு குழு, வழக்குகளைக் கைவிட்டால் காவலுக்கு வருகிறோம் என்றது. அவர்களே பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் ரோந்துக்காரர்களாகவும் ஆனார்கள். திருடன் எந்தத் தடத்தில் வருவான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பிடிபட்டா என்ன தண்டனை? எல்லாரும் வெளிய வந்துடுறாங்களே?

மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுவரை சிறை, அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். சட்டம் கடுமைதான். தோற்பது பெரும்பாலும் வழக்கு நடத்துவதில்: தடயம் சரியாக எடுக்காதது, சாட்சி பிறழ்வது, பத்தாண்டு இழுப்பது, சுட்டவனோடு வழக்கு நின்றுவிடுவது. வனச்சரகருக்குக் காட்டு வேலையே தலைக்கு மேல். நீதிமன்றத்துக்கு அலையத் தனி ஆள் கொடுத்த இடங்களில் நிலை மேல்.

தந்தம் விக்கிறாங்கன்னு காதுல விழுந்தா, வாங்குற மாதிரி நடிச்சு நானே பிடிச்சுக் கொடுக்கலாமா?

வேண்டாம். பேரம் பேசிய வாட்ஸ்அப் உரையாடல் உங்கள் போனில் இருக்கும். நாளை நீங்களும் அந்த வழக்கில் ஒரு பெயர் ஆகலாம். அதோடு, அந்தப் பக்கம் இருப்பவனிடம் துப்பாக்கி இருக்கிறது. பாதித் தடவை அது போலித் தந்தத்தைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பலாகவும் இருக்கும்.

கேட்டதை, பார்த்ததை, இடம் நேரத்தோடு வனச்சரகரிடமோ மாவட்ட வன அலுவலரிடமோ சொல்லுங்கள். உள்ளூரில் நம்பிக்கை இல்லையென்றால், 2007இல் அமைக்கப்பட்ட மத்திய வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அதன் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொள்ளக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. காட்டோரம் செத்த யானையைக் கண்டால் தொடாதீர்கள், சுற்றி நடந்து காலடித் தடங்களை அழிக்காதீர்கள். படம் எடுத்தால் வனத்துறைக்கு மட்டும் அனுப்புங்கள். இடத்தோடு முகநூலில் போட்டால் வனத்துறைக்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.